பரணில் இருந்த பெண்டியம்

பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கியதும் செய்யவேண்டிய முதல் காரியம், அதை ஆன் பண்ணாமல் இருப்பது. சொல்வதற்கு எளிது. இறக்கிவைத்த பத்தாவது நிமிடத்தில், "பிளக்கைத்தான் சொருகிப் பாரேன், ஓடுதா இல்லியான்னு தெரிஞ்சிரும்லா" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அப்படிச் சொருகிப் பார்த்ததாலேயே ஓடாமல் போன பெட்டிகள் ஏராளம். மின்தேக்கிகளுக்குள் இருக்கிற திரவம் வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் காயும், இல்லையென்றால் கசியும். உள்ளே அலுமினியத் தகட்டின்மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் நலிந்துவிடும். அந்த நிலைமையில் திடீரென்று முழு மின்னழுத்தம் போனால் தாங்காது. தான் போவதோடு நிற்காமல் பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும்.

சித்தப்பாவின் பெட்டி பதினாறு வருடம் பரணில் கிடந்தது. கோவில்பட்டியில் 1997 முதல் 2006 வரை அவர் டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோவில் கொடை நோட்டீஸ், தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு பில் புக் என்று வந்த வேலையெல்லாம் அந்த ஒரே பெட்டியில்தான் நடந்தது. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த அசெம்பிள்டு மெஷின். பெண்டியம் எம்எம்எக்ஸ் 166, 16 எம்பி ரேம், 2.1 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 அங்குல மானிட்டர், விண்டோஸ் 95. மெஷினுக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி ஆனது. சித்தியின் இரண்டு வளையல் அதற்குள் இருக்கிறது என்று சித்தப்பா சொல்வார். சித்தி அதைச் சொல்வதில்லை.

2022-இல் அதை இறக்கியதற்குப் பழைய பாசம் காரணமில்லை. ஒருவர் ஒன்றைத் தேடி வந்தார்.

பணி ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் கரிசல் காட்டு விவசாயச் சொற்களைப் பல வருடமாகச் சேகரித்து வந்தார். கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியைப் படித்துவிட்டு, நம்ம ஊர்ப் பக்கத்தில் அதில் இல்லாதது இன்னும் எவ்வளவோ இருக்கிறதே என்று தொடங்கியவர். கமலை, சால், வடம், வால்கயிறு என்று கிணற்றில் ஆரம்பித்து, மாட்டின் சுழி, கலப்பையின் உறுப்புகள், மழையின் வகைகள், கோட்டை, மரக்கால், குறுக்கம் என்று அளவைகள் வரைக்கும் போய், கடைசியில் அது ஆறு நோட்டாகிவிட்டது. 1998-இல் புத்தகமாகப் போடலாம் என்று சித்தப்பாவிடம் டைப் அடிக்கக் கொடுத்தார். 112 பக்கம் ஆனது. இரண்டு புரூஃப் பார்த்தார். அதற்குப் பிறகு அச்சுக்குக் கொடுக்கிற பணம் சேரவில்லை. "இந்த வருசம் கைக்கு வரட்டும்" என்று மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தார், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். 2009-இல் காலமானார். நோட்டுகள் இருந்த டிரங்குப் பெட்டியைக் கறையான் முடித்துவிட்டது. அவருடைய மகள் ஒருநாள் வீடு தேடி வந்து, "அண்ணே, அப்பா அன்னைக்கு உங்ககிட்ட அடிக்கக் குடுத்தது எங்கயும் இருக்குமாண்ணே?" என்று கேட்டார்.

சித்தப்பா மூன்று ஃப்ளாப்பிகளில் நகல் எடுத்து வைத்திருந்தார். ஷட்டரை விலக்கிப் பார்த்தபோது உள்ளே காந்தத் தகட்டின்மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. மூன்றும் ஒன்றும் பேசவில்லை. மிச்சம் இருந்தது அந்த ஹார்ட் டிஸ்க் மட்டும்தான்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, யூஎஸ்பி அடாப்டர் போட்டு ஒரு லேப்டாப்பில் படித்தால் முடிந்ததே, பெட்டியை எதற்குப் பழுது பார்க்கவேண்டும்? நண்பர்களும் அதைத்தான் கேட்டார்கள். பதில், பெட்டியின் பின்பக்கத்தில் பிரிண்டர் சொருகும் இடத்தில் இருந்தது. தீப்பெட்டி அளவில், இருபத்தைந்து பின் உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு. டிடிபி கடைக்காரர்கள் அதை 'லாக்' என்பார்கள். அந்தக் காலத்தில் தமிழ் மென்பொருள் பலவற்றை இப்படித்தான் விற்றார்கள். லாக் பேரலல் போர்ட்டில் இருந்தால்தான் மென்பொருள் எழும். எழுந்தால்தான் எழுத்துருக்கள் திரைக்கு வரும். இன்றைய லேப்டாப்பில் பேரலல் போர்ட் கிடையாது. பழைய விண்டோஸைப் புதிய மெஷினுக்குள் எமுலேட்டரில் ஓட்டலாம், ஆனால் லாக்கை ஓட்ட முடியவில்லை. லாக் இல்லாமல் அந்த 112 பக்கத்தைத் திறந்தால் வருவது தமிழ் இல்லை. தலையில் தொப்பி வைத்த ஆங்கில உயிரெழுத்துகளும், நாணயக் குறிகளும், தலைகீழான கேள்விக்குறிகளும் வரிசை வரிசையாக நிற்கும்.

ஆகவே பெட்டியே வேண்டியிருந்தது. ஒரு நோட்டில் மூன்று தலைப்பு போட்டுக்கொண்டேன். மாற்றியே ஆகவேண்டியது. மாற்றலாம். தொடக்கூடாது.

மூடியைக் கழற்றியபோது உள்ளே ஒரு குடித்தனமே இருந்தது. மின்விசிறியின் இதழ்களுக்கிடையே குளவிக்கூடு. எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் பல்லி முட்டை ஓடுகள். எல்லாவற்றின் மேலும் கரிசல் மண்ணின் நுண்தூசி. பெயிண்ட் பிரஷ்ஷும் புளோயருமாக அதற்கே ஒரு பகல் போனது.

அடுத்து பேட்டரி. மதர்போர்டில் ஒரு சின்ன பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றி வைத்திருப்பது அதுதான். 386, 486 காலத்துப் போர்டுகள் பலவற்றில் இது நீல நிறத்தில் சின்ன உருளையாக, நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். நிக்கல் காட்மியம். வருடங்கள் போனால் கசிந்து, பச்சைப் பாசி போலப் பரவி, போர்டின் தாமிரக் கோடுகளைத் தின்றுவிடும். பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர்கள் கையில் கிடைத்ததும் முதலில் அதைத்தான் வெட்டி எறிவார்கள். சித்தப்பாவின் போர்டு 1997 என்பதால் அதில் இருந்தது சிஆர் 2032, வாட்ச் பேட்டரி மாதிரி வட்டமான 3 வோல்ட் லித்தியம். செத்திருந்தது, ஆனால் கசியவில்லை. இன்றைக்கும் பெட்டிக்கடை வரைக்கும் கிடைக்கிற பேட்டரி. ஒரு வருடம் முந்தி பிந்தி வாங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸை நான் தொடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிவி ரிப்பேர் பார்க்கிற அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பழைய ஏடி வகை அது. இன்றைய பெட்டிகளில் முன்பக்கப் பொத்தான் ஒரு சமிக்ஞையை மட்டும்தான் அனுப்பும். ஏடி பெட்டியில் 230 வோல்ட் மின்சாரமே ஒயர் வழியாக முன்பக்க சுவிட்ச் வரை வந்துபோகும். அண்ணாச்சி மின்தேக்கிகளை எல்லாம் மாற்றி, சுவிட்ச் ஒயருக்குப் புதிய உறை போட்டு, போர்டில் மாட்டுவதற்கு முன் ஒரு கார் பல்பைச் சுமையாக வைத்து 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் நிலையாக நிற்கிறதா என்று பார்த்தார். போர்டுக்குப் போகிற இணைப்பு இரண்டு துண்டாக இருக்கும். இரண்டும் ஒரே அச்சு. இடம் மாற்றிச் சொருகினாலும் போய் உட்கார்ந்துவிடும். அவர் சொன்னார்: "தம்பி, கறுப்பு ஒயரு ரெண்டும் நடுவுல ஒண்ணா சேரணும். மாத்திச் சொருகுனீங்கன்னா போர்டுக்குப் பால் ஊத்த வேண்டியதுதான்."

மானிட்டரையும் அவரிடமே விட்டேன். பிக்சர் டியூப் வேலை செய்யும்போது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்சம் தேங்கி நிற்கும். யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது.

இனி ஹார்ட் டிஸ்க். மொத்த வேலையிலும் எனக்குப் பயம் இருந்தது இங்கேதான். ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பித்தால் அது இன்னொரு முறை சுழலும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் அதைப் பெட்டியில் மாட்டி விண்டோஸ் எழுகிறதா என்று பார்க்கக்கூடாது. விண்டோஸ் எழும்போதே பத்து இடத்தில் எழுதும். முதல் சுற்றிலேயே, எதையும் எழுதவிடாமல், ஒன்று விடாமல் நகல் எடுத்துவிட வேண்டும். லினக்ஸில் இதற்கென்றே டிடிரெஸ்க்யூ என்று ஒரு நிரல் இருக்கிறது. சண்டித்தனம் பண்ணுகிற இடத்தில் நின்று மல்லுக்கட்டாது. அதை விட்டுவிட்டு, எளிதாக வருவதை எல்லாம் முதலில் வாரிக்கொள்ளும். பிறகு விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எந்த இடம் கிடைத்தது, எது பாக்கி என்று தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். களத்தில் நெல் அள்ளுகிறவர்கள் செய்வதும் இதுதான். முதலில் குவியலை அள்ளுவார்கள், கடைசியில்தான் கூட்டுமாறு.

மின்சாரம் கொடுத்ததும் ஒரு விசும்பல், இரண்டு தட்டல், பிறகு சீரான இரைச்சல். நாற்பது லட்சத்துச் சொச்சம் செக்டர். ஒவ்வொன்றும் 512 பைட். முதல் சுற்றில் 212 செக்டர் வரவில்லை. இரவு முழுக்கச் சுரண்டியதில் 37-ஆகக் குறைந்தது. காலையில் அந்த 37-உம் எந்தெந்த ஃபைலில் விழுகிறது என்று பார்த்தேன். பெரும்பாலானவை விண்டோஸின் உதவிப் பக்கங்களில். நான்கு, யாரோ ஒருவருடைய பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழில். வாத்தியாரின் ஃபைலில் ஒன்றுகூட இல்லை. கடைசியாகச் சேமித்த தேதி 1998 நவம்பர்.

இதற்குப் பிறகுதான் 'மாற்றலாம்' என்ற தலைப்புக்கு வந்தேன். இங்கேதான் ஆசை தலைதூக்கும். பழைய டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு 4 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை போட்டேன். கேமராவுக்கு என்று வந்த அட்டைதான். ஆனால் அது பேசுகிற மொழி ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கின் மொழியேதான், நடுவில் ஒரு மலிவான அடாப்டர் போதும். அளவை வேண்டுமென்றே குறைவாக எடுத்தேன். அந்தக் காலத்து பயாஸ்களுக்கு டிஸ்க் அளவில் படிப்படியாக ஒவ்வொரு சுவர் இருந்தது. முதல் சுவர் 528 எம்பி, அதற்கடுத்த பெரிய சுவர் 8.4 ஜிபி, பிறகு 32 ஜிபி. 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்று எண்ணுவதற்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான் என்பதால் வந்தது முதல் சுவர். சுவரைத் தாண்டிய டிஸ்க்கை மாட்டினால் சில பயாஸ் பாதியை மட்டும் பார்க்கும், சிலது அப்படியே உறைந்து நின்றுவிடும். நகலெடுத்த 2.1 ஜிபியை அட்டையில் எழுதி, பயாஸில் எல்பிஏ முறையைத் தேர்ந்தெடுத்ததும் டிஸ்க் இருக்கிறது என்று காட்டியது.

ரேம் 16-இலிருந்து 64 எம்பி ஆனது. பழைய 72 பின் சிம் துண்டுகள் இன்று எடைக்குப் போடுகிற கடைகளில் கிடைக்கின்றன. விளிம்பில் பூசிய தங்கத்துக்காக அவற்றை வாங்கி உருக்குகிறார்கள். உருக்கப்போகிற குவியலிலிருந்து 32 எம்பி துண்டுகள் இரண்டைப் பொறுக்கினேன். ஜோடியாகத்தான் போடவேண்டும். பெண்டியம் ஒரே நேரத்தில் 64 பிட் வாசிக்கும், ஒரு சிம் கொடுப்பது 32 பிட். இரட்டை மாட்டு வண்டியில் ஒற்றை மாட்டைப் பூட்ட முடியாது.

128 வரைக்கும் போர்டு தாங்கும் என்று கையேடு சொன்னது. போகவில்லை. அந்தத் தலைமுறை போர்டுகள் பலவற்றில் கேஷ் நினைவகம் முதல் 64 எம்பியை மட்டும்தான் கவனிக்கும். அதற்கு மேல் போட்டால் இருக்கிறதாகக் காட்டும், ஆனால் அந்தப் பகுதி கேஷ் இல்லாமல் மெதுவாக ஓடும். விண்டோஸ் 95 நினைவகத்தை மேலிருந்து கீழாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளதால், அதன் முக்கியமான வேலைகளே அந்த மெதுவான இடத்தில் போய் உட்காரும். கூடக் கொடுத்தால் குறையும்.

செயலியையும் மாற்றவில்லை. அதே குழியில் உட்காரக்கூடிய வேகமான செயலிகள் பிற்பாடு வந்தன. ஆனால் விண்டோஸ் 95 எழும்போது செயலியின் வேகத்தை அளக்க ஒரு சின்னச் சுற்றை ஓட்டிப் பார்க்கும். 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள சில செயலிகளில் அந்தச் சுற்று கண் இமைப்பதற்குள் முடிந்து, கழிந்த நேரம் பூச்சியம் என்று வந்து, பூச்சியத்தால் வகுக்கப் போய் எல்லாம் நின்றுவிடும். இவ்வளவு வேகமான ஒன்று வரும் என்று எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. பிறகு அதற்குத் திருத்தம் வந்தது. ஆனாலும் எனக்கு அந்த 166 போதும். சித்தப்பா டைப் அடிக்கிற வேகத்துக்கு அது என்றைக்கும் காத்திருக்க வைத்ததில்லை.

மூன்றாவது தலைப்பில் கடைசியாக எழுதியது கேபினெட். வெள்ளையாக வந்தது, இப்போது பல் மஞ்சள். பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கிற புரோமின் சேர்மங்கள் வெயிலிலும் சூட்டிலும் நாளாக ஆக இப்படி மாற்றும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும் என்று ஒரு வழி இருக்கிறது. வெயிலுக்குக் கோவில்பட்டியில் பஞ்சமா. ஆனால் முன்பக்கத்தில், ஃப்ளாப்பி வாய்க்கு மேலே, ஒன்பது ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, பிளாஸ்டிக்கிலேயே ஊறிக் கறையாகி இருக்கிறது. பக்கவாட்டில் சித்தப்பா கையெழுத்தில் ஒட்டிய விலைப்பட்டியலின் பாதி. வெளுக்க வைத்தால் இரண்டும் போகும். துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டேன்.

*

பூட்டி முடித்து ஆன் செய்ததும் நினைவகத்தை எண்ணியது, ஒற்றை பீப் கொடுத்தது, மேகமும் வானமுமாக விண்டோஸ் 95 வந்தது. பேஜ்மேக்கர் 6.5 திறந்தது. தமிழ் வரவில்லை. லாக்கைக் காணோம் என்றது. பிடுங்கித் துடைத்துச் சொருகினோம். காணோம் என்றது. பயாஸில் பேரலல் போர்ட் ஈசிபி முறையில் இருந்தது. பேட்டரி செத்ததில் சித்தப்பா வைத்திருந்த அமைப்பெல்லாம் போய், பயாஸ் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டது. மிகப் பழைய எஸ்பிபி முறைக்கு மாற்றினேன். அடுத்த முறை லாக் பேசியது.

வாத்தியாரின் முதல் பக்கம் திரையில் வந்தபோது சித்தப்பா எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. செல்போனில் ஒரு வரி அடிக்கப் பேரனைக் கூப்பிடுகிறவர். தட்டச்சில் ஹையர் பாஸ் செய்த கை அது. விரல்களை விசைமேல் வைத்ததும், கீழே பார்க்காமல், தன் கடையின் முகவரியை அடித்தார். பிறகு அதை அழித்துவிட்டு, "சரி, ஆக வேண்டியதப் பாரு" என்றார்.

ஆகவேண்டியது கொஞ்சமில்லை. திரையில் தமிழாகத் தெரிகிறதே தவிர உள்ளே இருப்பது தமிழ் இல்லை. யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு, ஆனால் விண்டோஸில் அது புழக்கத்துக்கு வந்தது விண்டோஸ் 2000-இல்தான். அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளுக்கான 256 இடங்களில் தமிழ் வடிவங்களைத் தனக்குத் தோன்றிய வரிசையில் உட்கார வைத்தது. ஒரு எழுத்துருவில் 'க' இருக்கிற இடத்தில் இன்னொன்றில் 'மு' இருக்கும். இதைச் சரிசெய்யத் தன்னார்வலர்கள் இணையத்திலேயே பேசி டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி தாம், தாப் என்ற தரங்கள் வந்தன. வாத்தியாரின் புத்தகம் அந்த மாநாட்டுக்கு முந்தியது. எந்தத் தரத்திலும் சேராதது.

அந்த எழுத்துருவில் எந்த இடத்தில் எந்த வடிவம் என்று அட்டவணை எங்கும் கிடைக்கவில்லை. நாங்களே போட்டோம். ஒவ்வொரு எண்ணாகத் திரையில் வரவழைப்பேன், சித்தப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். "ஒத்தக்கொம்பு. ரெட்டக்கொம்பு. கால். டி. டீ. இது கூ." இரண்டு மாலை ஆனது. பிறகு வரிசைப் பிரச்சினை. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் அடிக்க வேண்டும். 'கொ' என்றால் கொம்பு, க, கால். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. இதைப் புரட்டிப்போட ஒரு நிரல் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் 112 பக்கமும் யூனிகோடாகிவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் வேலை முடிந்தது.

முடியவில்லை என்று சொன்னவர் வாத்தியாரின் மகள். அச்சிட்டுக் கொடுத்த தாள்களை நான்கு நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். நிறைய இடங்களில் சிவப்பு வட்டம். 'வௌக்கு', 'வௌச்சல்', 'வௌயாட்டு' என்று இருந்தது. பழைய எழுத்துருக்களில் ஔகாரத்துக்கு என்று தனிக்குறி இல்லை. கொம்பு போட்டு, எழுத்துப் போட்டு, பின்னால் 'ள' போட்டுவிடுவார்கள். வௌவாலுக்கும் அதே மூன்று விசை, வெளக்குக்கும் அதே மூன்று விசை. என் நிரல் எல்லாவற்றையும் ஔகாரமாக எடுத்துக்கொண்டது. அதற்கு வேறு வழியும் இல்லை. எழுத்துத் தமிழில் 'விளக்கு' என்று இருக்கும், குழப்பமே வராது. வாத்தியாரோ ஊர்வாய்ச் சொல்லை ஊர்வாயில் வருகிற மாதிரியே எழுதியிருந்தார். அகராதியை வைத்துச் சரிபார்க்கலாம் என்றால், எந்த அகராதியிலும் இல்லாத சொல்லுக்காகத்தானே இந்தப் புத்தகம். ஆக, அந்தச் சொற்களை வீட்டில் கேட்டு வளர்ந்த ஒருவர் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பார்ப்பதுதான் வழி. அவர் பார்த்தார்.

இன்னொன்று, அளவைகள் அத்தியாயம். வாத்தியார் அதில் முந்திரி, காணி, மா, மாகாணி, அரைக்கால் என்று பின்னங்களுக்குப் பழைய குறியீடுகளையே போடவேண்டும் என்று நின்றிருக்கிறார். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. வாங்கிய எழுத்துருவில் அவை கிடையாது. சித்தப்பா என்ன செய்தாரென்றால், வாத்தியார் நோட்டில் வரைந்து கொடுத்ததைப் பார்த்து கோரல் டிராவில் ஒவ்வொன்றாக வரைந்து, தனியாக ஒரு சின்ன ட்ரூடைப் எழுத்துருவாக ஏற்றுமதி செய்து வைத்திருந்தார். பதினெட்டு வடிவம். பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குகிற தொழிலில், அதற்குத் தனியாக அவர் ஏதும் வாங்கவில்லை. கேட்டதற்கு, "வாத்தியாரு கேட்டாரு. அதுக்கென்ன துட்டு" என்றார்.

சித்தப்பா வரைந்த அந்த வடிவங்களுக்கு 1998-இல் யூனிகோடில் இடமே இல்லை. 2019 மார்ச்சில் வந்த யூனிகோட் 12-இல்தான் தமிழ்ப் பின்னங்கள், நில அளவைகள், முகத்தல் அளவைகளுக்கான குறிகளைத் தமிழ்த் துணைத்தொகுதி என்று தனியாகச் சேர்த்தார்கள். மொத்தம் 51 குறிகள். நோட்டோ எழுத்துரு வரிசையில் அதற்கென்று ஒன்று கிடைக்கிறது. ஐந்து வருடம் முன்னால் இந்தப் பெட்டியைத் திறந்திருந்தால் அந்தப் பதினெட்டையும் படமாகத்தான் ஒட்டியிருக்க வேண்டும். இப்போது அவை எழுத்தாகவே உட்கார்ந்தன. பழைய எழுத்தை எடுத்து வைப்பதற்குப் பழைய பெட்டியும் வேண்டியிருந்தது, மிகப் புதிய தரமும் வேண்டியிருந்தது. பழுது பார்ப்பதும் மேம்படுத்துவதும் வேறு வேறு வேலை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

யூனிகோடான ஃபைலை வெளியே கொண்டுவந்ததற்கும் அந்த 4 ஜிபி அட்டைதான் உதவியது. பெட்டியை அணைத்து, அட்டையை உருவி, லேப்டாப்பில் சொருகினால் ஆயிற்று. அட்டையில் வாத்தியாரின் புத்தகத்தோடு சேர்ந்து ஒன்பது வருடத்து ஊரும் வந்தது. யார் யாருக்குக் கல்யாணம், எந்தத் தெருவில் எந்த வருடம் கொடை, யார் யார் போனார்கள் என்று எல்லாம் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி ஃபைல்கள் மட்டும் நானூற்றுக்கு மேல். அவை எல்லாம் இன்னும் அந்தப் பழைய எழுத்துருவில்தான் இருக்கின்றன. அட்டவணை கையில் இருக்கிறது, மாற்றலாம். அவை பிறர் வீட்டுக் காரியம் என்பதால் சித்தப்பா வேண்டாம் என்கிறார். யாராவது வந்து கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுப்பதாக முடிவு. இதுவரை மூன்று பேர் வந்திருக்கிறார்கள். மூவரும் கேட்டது இறந்தவரின் படத்துக்குக் கீழே போட்ட தேதியை.

பெட்டி இப்போது பரணில் இல்லை, கூடத்து மூலையில் மேசைமேல் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லியிருக்கிறேன். மின்தேக்கிகளுக்கு அது நல்லது. சித்தப்பா அதைவிட அதிகமாகவே ஓடவிடுகிறார் என்று சித்தி போனில் சொன்னாள்.

புத்தகம் இன்னும் வரவில்லை. திருத்தம் பார்த்துக்கொண்டே போனபோது, சில சொற்களுக்கு நேரே பொருள் எழுதவேண்டிய இடத்தில் 'கேட்க வேண்டும்' என்று மட்டும் இருந்தது. வாத்தியார் தனக்குத் தானே போட்டுக்கொண்ட குறிப்பு. எந்தக் கிழவரிடமோ, எந்த ஊரிலோ கேட்டு எழுதலாம் என்று விட்டிருக்கிறார். சித்தப்பா அதையும் அப்படியே அடித்திருக்கிறார். மொத்தம் பதினேழு இடம். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் கிளம்பிவிடுகிறார். எட்டயபுரம் பக்கம், விளாத்திகுளம் பக்கம், எழுபது எண்பது வயதில் கிணற்றில் கமலை பூட்டிய ஞாபகம் உள்ளவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு. இதுவரை ஆறு சொல்லுக்குப் பொருள் கிடைத்திருக்கிறது. ஒன்றுக்கு இரண்டு ஊரில் இரண்டு விதமாகச் சொன்னார்கள், இரண்டையும் போட்டிருக்கிறார். மற்ற பதினொன்றை என்ன செய்வது என்று போன வாரம் பேச்சு வந்தது. கிடைக்காதவற்றை எடுத்துவிட்டு அச்சுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அப்பா கேக்கணும்னுதானே எழுதிருக்காங்க. எடுத்துட்டா கேக்குறதுக்கு ஆளே இல்லாம போயிரும்" என்றார்.

அந்தப் பதினொரு இடத்திலும் வாத்தியார் எழுதியது அப்படியே இருக்கிறது. புத்தகம் அப்படித்தான் அச்சுக்குப் போகும்.